அடுப்பு மூட்டாத சமையல்காரர்

கேள்வி: மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து மருந்து எடுப்பார்கள் என்று படித்திருக்கிறேன். இப்போது கம்ப்யூட்டரில் தேடியே மருந்து கண்டுபிடிக்கிறார்களாமே, நிஜமா?

பதில்: பாதி நிஜம். கம்ப்யூட்டர் கண்டுபிடிப்பது மருந்தை அல்ல, அதன் சமையல் குறிப்பை!

ஒரு மருந்துப் பொருளைச் செய்யும் மரபணுக்கள், பாக்டீரியாவில் பெரும்பாலும் கல்யாண வீட்டுச் சமையல் கோஷ்டி போல ஒரே இடத்தில் கூடியிருக்கும். கிண்ட ஒன்று, தாளிக்க ஒன்று, வெளியே பரிமாற ஒன்று. தான் சமைத்த விஷம் தன்னையே கொல்லாமல் காக்கவும் ஒன்று.

2002-இல் ‘ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர்’ என்ற மண் பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தார்கள். மழை பெய்ததும் எழும் மண்வாசனை, பெரும்பாலும் இந்த வகை பாக்டீரியாக்களின் கைவண்ணம்தான். அந்த மரபணுத் தொகுதியில் இப்படி 20-க்கும் மேற்பட்ட கோஷ்டிகள் இருந்தன. அதுவரை ஆய்வாளர்கள் ருசி பார்த்திருந்ததோ சிலவற்றைத்தான்!

2011-இல் வந்த ‘ஆன்டிஸ்மாஷ்’ என்ற இலவச மென்பொருளிடம் மரபணு வரிசையைக் கொடுத்தால், கோஷ்டிகள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று காட்டிவிடும். எந்தக் கோஷ்டி என்ன சமைக்கும் என்று ஏற்கெனவே தெரிந்தவற்றின் பதிவேடு ‘மிபிக்’. அதோடு ஒப்பிட்டால், இது பழைய சாம்பாரா, புதுப் பலகாரமா என்று ஊகிக்கலாம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். ஆய்வுக்கூடத்தில் பல கோஷ்டிகள் அடுப்பே மூட்டுவதில்லை. பக்கத்தில் வேறொரு நுண்ணுயிரை வளர்த்தால் சில சமயம் விழித்துக்கொள்கின்றன. விருந்தாளி வந்தால்தான் வடை சுடும் வீடு மாதிரி!