உராய்வு தலைமறைவு

1920-களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது; சிவகாசியில் அச்சகங்கள் முளைத்தன. குச்சி மருந்து கைவந்தவர்களுக்குப் பட்டாசு எட்டாத வித்தையா? பட்டாசுப் பெட்டிக்குப் படம் போட்ட அச்சகம், நாடு முழுக்கச் சுவர்களில் காலண்டரைத் தொங்கவிட்டது. மழை ஏமாற்றிய கரிசல் மண் 'குட்டி ஜப்பான்' ஆனது. இந்த ஊருக்கு 'தொழில்களுக்கிடையே அறிவுப் பகிர்வு' பற்றி நட்சத்திர விடுதியில் வகுப்பெடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை.

பகிர்வில் இன்றும் குறையேயில்லை. பட்டாசு ஆலை உரிமம் ஒருவர் பெயரில், வேலை நடக்கும் செட்டுகள் பலர் கையில் என்ற உள்குத்தகை வித்தையை யார் பயிலரங்கம் வைத்துப் பரப்பினார்கள்? அறைக்கு 4 பேர் என்ற விதியை எப்படி மீறுவது, தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரித்தால் மரத்தடியையே எப்படி ஆலையாக்குவது, ஆய்வுக்கு வண்டி கிளம்பியதும் எல்லாவற்றையும் எப்படி ஒளிப்பது... இத்தனை ஞானமும் காப்புரிமைகூடக் கேட்காமல் கைமாறுகிறது. என்ன தாராளம்!

சாகாமல் வேலை பார்ப்பது எப்படி என்பது மட்டும் தொழில் ரகசியம். பெட்ரோல் பங்கில் லாரியிலிருந்து எண்ணெய் இறக்குமுன் எர்த் கம்பி மாட்டுகிறார்கள். நிலைமின்சாரம் பொறி கிளப்பும் என்று அங்கே கடைப்பையனுக்கும் தெரியும். அந்த அறிவுக்குச் சில மைல் தள்ளியிருக்கும் மருந்துக் கலவை அறைக்கு வர பஸ் கிடைக்கவில்லை போலும்.

2012-ல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 35 பேருக்கு மேல் கருகினார்கள். அந்தப் பாடம் அதே மாவட்டத்து அச்சன்குளத்துக்கு 2021 வரையிலும் போய்ச் சேரவில்லை. அங்கேயும் உள்குத்தகை, அங்கேயும் பிணங்கள். ஒவ்வொரு விபத்துக்கும் மறுநாள் பேப்பரில் 'உராய்வு காரணமாக வெடித்தது' என்று வரும். இத்தனை கொலை செய்த அந்த உராய்வு இன்னும் தலைமறைவு. உரிமக்காரர் கைதாகி ஜாமீனில் வருகிறார். நிவாரணக் காசோலையோடு போட்டோ எடுக்கிறார்கள். விசாரணை அறிக்கை அலமாரிக்குப் போகிறது. வளர்ச்சிக் கணக்கில் விற்றுமுதல் ஏறுகிறது. செத்தவர்களுக்கு அதில் பத்தியே கிடையாது.

ஊருலகத்துக்கெல்லாம் காலண்டர் அடிக்கும் அச்சக முதலாளிகளே, பக்கத்து வீட்டுப் பட்டாசு முதலாளிக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்கள். அந்த விசாரணை அறிக்கைகளை அரசிடம் கேட்டு வாங்கி, தமிழில், பெரிய எழுத்தில் அச்சடித்து, ஒவ்வொரு செட்டிலும் மாட்டுங்கள். காகிதம் உங்களிடமே இருக்கிறது.