முன் சீட்டு வரலாற்றாசிரியர்

அரையாண்டு விடுமுறையில் சென்னையிலிருந்து சோழநாட்டுக்குக் கிளம்பும் சுற்றுலா வேன் ஒவ்வொன்றிலும் டிரைவர் ஒருவர், வழிகாட்டி ஒருவர், வழிகாட்டிக்கு வழிகாட்டி ஒருவர் இருப்பார்கள். மூன்றாமவருக்குச் சம்பளம் கிடையாது. பணம் கட்டிக்கொண்டு வருகிறவர். நான் பார்த்தவரை இந்தப் பயிர் நந்தனத்தில்தான் நன்றாக விளைகிறது. ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சி நடந்தே போகும் தூரம். கணக்குத் தணிக்கையிலிருந்து ஓய்வு பெற்றவர் கையில் பென்ஷன்; கண்ணெதிரே சோழர் வரலாறு, பத்து சதவீதத் தள்ளுபடியில். வேறென்ன ஆவார்?

அடையாளம் சுலபம். தலையில் மஃப்ளர், அதற்கு மேல் தொப்பி, கழுத்தில் பைனாகுலர். "பின்னாடி உட்கார்ந்தா எனக்கு வாந்தி வரும்" என்று முன் சீட்டைப் பிடித்துக்கொள்வார். மைக் அங்கேதான் இருக்கிறது.

வழிகாட்டித் தம்பி தொல்லியலில் முதுகலை. செங்கல்பட்டு தாண்டுவதற்குள் மூன்று முறை வாயைத் திறந்து மூன்று முறையும் மூடியிருப்பார். "ஒரு நிமிஷம் தம்பி, நீங்க விட்டதை நான் சொல்லிடறேன்."

நான் போன வேனின் முன் சீட்டு மாமா, வீராணம் ஏரிக்கரையில் ஒரு குறிப்பிட்ட புளியமரத்தையே காட்டிவிட்டார்: "வந்தியத்தேவன் குதிரையை நிறுத்தினது இங்கதான்." முதலாம் பராந்தகன் காலத்து ஏரி, அதிலிருந்து 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் போகிறது என்று தம்பி இடையில் நுழைத்ததும் மாமாவுக்கு உச்சி குளிர்ந்தது. "அப்போ நம்ம நந்தனம் வீட்டுத் தொட்டியில இருக்கறது சோழன் தண்ணி!"

"அதான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரதா?" என்றார் மாமி. பொன்னியின் செல்வனை முழுக்கப் படித்தவர் வீட்டில் அவர் ஒருவர்தான் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டில் ராஜேந்திரனின் அரண்மனை இருந்த இடத்தைத் தோண்டி வைத்திருக்கிறார்கள். செங்கல் அடித்தளமும் குழிகளும்தான். கூரை ஓடு, இரும்பு ஆணி, சீனப் பீங்கான் துண்டு எல்லாம் கிடைத்த மண். சினிமா அரண்மனையை எதிர்பார்த்து வந்த குழந்தைகள் "இவ்ளோதானா?" என்றன. மாமா விடவில்லை. காலி மனையில் நின்று மூன்று பெட்ரூம் விற்கும் பிளாட் புரோமோட்டர் போலக் கையை வீசினார். "இது ஹால். இது அந்தப்புரம். காத்து இப்படி வரும்."

கொள்ளிடத்தின் கீழணையை 1836-இல் கட்டியபோது இந்த ஊர்க் கோயில் மதிலைப் பெயர்த்துக் கல் எடுத்துப்போனார்கள் என்று தம்பி சொன்னது தப்பாகப் போயிற்று. அணைக்கரையில் மாமா வேனை நிறுத்தச் சொல்லி, கல்லை அடையாளம் காட்டுகிறேன் என்று இறங்கப் பார்த்தார். டிரைவர் கதவைத் திறக்கவில்லை. நல்ல மனிதர்.

தஞ்சைப் பெரிய கோயிலில் மத்தியான வெயில். செருப்பில்லாத கால்கள் தத்தளித்து நிழலுக்கு ஓட, மாமாவும் ஓடினார். நிழலில் சௌகரியமாக நின்றுகொண்டு சொன்னார்: "இந்தக் கோபுரத்தோட நிழல் தரையில விழாது!"

"விமானம் சார்" என்றார் தம்பி, களைத்துப்போய்.

"அப்ப நாம எதுல நிக்கறோம் தாத்தா?" என்றான் ஒரு பையன்.

மாமா தரையைப் பார்த்தார். "இது வேற நிழல்."

அதற்குப் பிறகுதான் தம்பி அவரை வென்றார். ராஜராஜன் கோயில் பணிக்கென 400 தளிச்சேரிப் பெண்களைப் பல ஊர்களிலிருந்து இங்கே கொண்டுவந்து குடியமர்த்தியதை வடக்கு மதிலின் வெளிப்பக்கத்தில் வெட்டியிருக்கிறார்கள். யார், எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு, எல்லாம் உண்டு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். மாமா தொப்பியைக் கழற்றினார்.

"ஒருத்தி இறந்துட்டா?"

"நெருங்கின உறவுக்காரங்களுக்கு அந்தப் பங்கு போகும் சார். அவங்களுக்குத் தகுதி இல்லைன்னா, தகுதியான ஒருத்தரை அவங்களே தேர்ந்தெடுக்கலாம்."

"ஃபேமிலி பென்ஷன்!" மதிலே அதிர்ந்திருக்கும். "நாமினேஷன் வேற! அளந்து கொடுத்தது எந்தப் படியில?"

"ஆடவல்லான்னு பேர் வெச்ச மரக்கால் சார். எல்லாத்துக்கும் அதுதான் அளவு."

"பேஷ். ஸ்டாண்டர்ட் மெஷர்." அன்றைக்கு முதல் முறையாக மைக்கைக் கேட்காமல் நோட்டைக் கேட்டார்.

வேன் ஹாரன் அடித்தது. மாமி மூன்றாம் முறை வந்து கூப்பிட்டார்.

"இரு. அரியர்ஸ் பத்தி ஏதாவது வெட்டியிருக்கானான்னு தம்பி பார்த்துண்டிருக்கார்."