பன்னெண்டும் எட்டும் நூத்தியிருவத்தெட்டு

ஏலே மக்கா, அந்த லேப்டாப்பை மடக்கி வச்சுட்டு இப்படித் திண்ணையில வந்து உக்காரு. ஏசுறதுக்குக் கூப்பிடல. ஏச்செல்லாம் உங்கம்மா தருவா. நேத்து பன்னெண்டு சிப்பம் கருப்பட்டி போட்டேன், இன்னைக்கு எட்டு. தாத்தாவுக்குன்னு நீ பாடுபட்டுச் செஞ்ச கணக்கு நிரல், மொத்தம் 128 சிப்பம்னு காட்டுது. இந்தச் சாத்தான்குளத்துல அறுவது வருசமா ஏவாரம் பாக்கேன், ராத்திரி தூங்கி எழும்பினதுக்கு நூத்தியெட்டு சிப்பம் லாபம் இப்பத்தான் பாத்திருக்கேன்.

கட்டத்துல தட்டுறதெல்லாம் எழுத்தாத்தான் உள்ள போகும், எழுத்துக்கு நடுவுல கூட்டல் போட்டா ரெண்டும் ஒட்டிக்கிடும்னு நீதான சொன்ன. சரி, பன்னெண்டுல எட்டைக் கழின்னேன். நாலுன்னு நறுக்குன்னு சொல்லுது! கூட்டும்போது எழுத்து, கழிக்கும்போது எண்ணா? வட்டிக்கடைக்காரன்கூட வரவுக்கு ஒரு கண்ணு, செலவுக்கு ஒரு கண்ணு வைக்க மாட்டான். நீ நிரல் எழுதுன மொழி ஜாவாஸ்கிரிப்ட்டாம். 1995-ல பிரெண்டன் ஐக்குன்னு ஒருத்தர் பத்தே நாள்ல அதுக்கு முதல் உருவம் குடுத்துட்டாராம். நான் குறை சொல்லல. கட்டில் கயிறு அறுந்து ஒரு மாசமாச்சு, நீ மாத்துனியா?

நம்ம பனையில கதை என்ன? பாளை சீவிக் கட்டுற கலயத்துல சுண்ணாம்பு தடவணும். தடவுனா விடியக்காலையில பதனி. மறந்தா யாரும் கேக்காமலே அது கள்ளா மாறி நிக்கும். பனையேறி மாத்தல, அதுவா மாறிச்சு. உன் பன்னெண்டும் எட்டும் அப்படிப் புளிச்சதுதான். பைத்தான்னு இன்னொரு மொழிகிட்ட எழுத்தையும் எண்ணையும் சேத்துக் கூட்டச் சொன்னா, முடியாதுன்னு தப்புச் சொல்லி நிக்குமாம்லா. அது கலயத்தோட சுண்ணாம்பு. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கும் 2012-ல மைக்ரோசாப்ட்டுக்காரங்க டைப்ஸ்கிரிப்ட்டுன்னு சுண்ணாம்பு தடவிக் குடுத்திருக்காங்க. நீ தடவல.

எண்ணா மாத்திட்டுக் கூட்டுதேன்னு ராத்திரியே திருத்துன, பாத்தேன். வெறுங்கட்டத்தை விட்டா சுழியம்னு வருது. சிப்பம் வரலங்கதும், எழுத மறந்துட்டேங்கதும் ஒண்ணாலே? ‘12 சிப்பம்’னு தட்டுனா ‘எண்ணல்ல’ங்குது. அந்த ‘எண்ணல்ல’ எந்த வகைன்னு கேட்டா, எண் வகைன்னு பதில். உங்க பெரியமாமா, நான் குடிக்கலன்னு குடிச்சுட்டு வந்து சொல்லுவாரே, அந்தச் சாதி.

கூட்டல் சரியானதும் விலையைப் போட்டுப் பாத்த. 10 காசும் 20 காசும் சேந்தா 0.30000000000000004 ரூவான்னு காட்டுச்சு. நீ முழிச்ச முழியை உங்கப்பத்தாகிட்டச் சொல்லிச் சிரிச்சேன். காசு இப்படிப் பிசகுறது எனக்குப் புதுசில்ல. 1957 ஏப்ரல் 1-லயிருந்து அணாவெல்லாம் நயா பைசா ஆச்சு. பதினாறு அணா, நூறு காசு. நாலணாவுக்கு 25 காசு, சுத்தம். ரெண்டணாவுக்குப் பன்னெண்டரை வரணும், 12-தான் குடுத்தாங்க. அரைக்காசை யாரு தின்னான்னு நான் சின்னப்பயலா அழுதிருக்கேன். ஒரு வகையிலிருந்து இன்னொண்ணுக்குப் போனா வழியில சிந்தும்லே. 3.9-ஐ முழு எண்ணாக்குனா 3, அந்த 3-ஐத் திரும்பப் புள்ளிக் கணக்குக்குக் கொண்டுபோனாலும் 3-தான். விடிலியில உங்கப்பத்தா பதனியைக் காய்ச்சிச் சிரட்டையில ஊத்துனா கருப்பட்டி. கருப்பட்டியைத் தண்ணியில கரைச்சுப் பதனின்னு குடுத்துப் பாரு, மூஞ்சியில ஊத்துவா.

இதுல ஒரு கூத்து, உனக்கு உறைக்குதான்னு பாப்போம். உன் பொட்டி எதையும் பாதி பாதியாத்தான வெட்டும்? அரை, கால், அரைக்கால், மாகாணி. பதினாறுல ஒண்ணுதான் மாகாணி, ரூவாயில அதுதான் ஓரணா. அது பொட்டிக்குள்ள பொட்டுக்கூடச் சிந்தாம உக்காரும். பத்துல ஒண்ணு எத்தனை வெட்டு வெட்டுனாலும் முடியாது. பாட்டன் கணக்கு பழசுன்னு அணாவைத் தூக்கிப் போட்டீங்க. அவன் மிஷினுக்கு ஏத்த ஆளா இருந்திருக்கான். நீ காசை முழு எண்ணாவே வச்சுக் கூட்டு, ரசீதுல மட்டும் புள்ளி வை.

சிரிக்காத. 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவுல ஏரியன்-5 ராக்கெட்டு கிளம்பி ஒரு நாப்பது செகண்டுல வெடிச்சுது. 64 பிட்டுப் பானையில இருந்த எண்ணை 16 பிட்டுக் கலயத்துல கமுத்துனாங்க. அதுல 32767-க்கு மேல கொள்ளாது. பழைய ஏரியன்-4-க்கு எழுதுன நிரல், அதுல அந்த எண்ணு அவ்வளவு பெருசா வந்ததே இல்லயாம். துணைக்கு வச்ச கம்ப்யூட்டரும் அதே நிரல்தான், அதுவும் அதே இடத்துல படுத்துச்சு. இப்ப குலசேகரன்பட்டினத்துலயும் ராக்கெட்டு ஏவுதளம் வருது, 2024 பிப்ரவரி 28-ல அடிக்கல் போட்டாச்சு. நீ அங்க வேலைக்குப் போகணும்னு முத்தாரம்மனுக்கு நேந்திருக்கியாமே. போ எய்யா, நல்லாயிரு. எந்தத் தேதியில உன் நிரல் பறக்கும்னு மட்டும் முன்கூட்டிச் சொல்லிரு, அன்னைக்கு நம்ம ஆளுங்களை மரம் ஏற வேண்டாம்னு சொல்லிருதேன்.

சரி, எழும்பு. வாசல்ல வண்டிக்காரன் நிக்கான். பன்னெண்டும் எட்டும் எத்தனைன்னு வாயாலயே சொல்லி அனுப்பு.