சனங்களுக்குப் பயம் தெளிவிக்கப் போற பேராண்டிக்கு

எய்யா, ஊருக்குள்ள என்னமோ புதுத் தொழில்நுட்பம் வரப்போவுதாம், சனங்களோட அறியாமையப் போக்க உன்னைய அனுப்புதாங்களாம். நல்ல உத்தியோகம். காப்பி, பிஸ்கோத்து எல்லாம் உண்டுல்லா? போறதுக்கு முந்தி கூடங்குளத்து அணு உலைக் கதைய ஒருக்கா கேட்டுட்டுப் போ.

சனத்தப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லிரு, உனக்கு வேலை மிச்சம். அந்த உலை வேண்டாம்னு போராடின பக்கத்தூரு இடிந்தகரைக்காரன் நடுச்சாமத்துல கடலுக்குள்ள போறவன். சுனாமியப் பாத்த பொறவும் போனான். அவனுக்குப் பயம் சாஸ்தியாம், 2012-ல பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல டாக்டருமாரப் புத்தி சொல்லக் கூப்பிட்டாங்க!

ஆனா 2010-ல போட்ட நஷ்டஈட்டுச் சட்டத்தப் பத்தி மட்டும் வாயத் தெறக்காத. விபத்து நடந்தா உலைய நடத்துறவன் தலையில விழறது 1,500 கோடிக்கு மேல போவாதுன்னு அதுல எழுதுனாங்க. சாமான் பழுதா இருந்தா வித்தவன்கிட்டயும் கேக்கலாம்னு அதுல ஒரு பிரிவு வச்சாங்க. கூடங்குளத்து உலைய வித்த ரஷ்யாக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? ஒண்ணாவது, ரெண்டாவது உலைக்குப் பழைய ஒப்பந்தம்தான், இந்தச் சட்டம் எங்களுக்கு ஒட்டாதுன்னுட்டான். செஞ்சவனே பொறுப்பேத்துக்கிட ரோசிக்கான், வேலியோரம் குடியிருக்கவன் கண்ண மூடிக்கிட்டு நம்பணுமாம். கேட்டா, அவனுக்கு விஞ்ஞானம் தெரியலங்கீங்க. கணக்கு தெரியுதே எய்யா, அதுக்கு என்ன செய்ய?

அந்த ரெண்டு உலைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி 1989-லயே வாங்கியாச்சு. சனங்ககிட்ட கருத்துக் கேக்கணும்ங்கிற விதி பொறவுதான் வந்துச்சு. எம்புட்டு சௌகரியம் பாத்தியா! கரண்டு 2,000 மெகாவாட்டுல நம்ம மாநிலத்துக்கு 925, கர்நாடகாவுக்கு 442, கேரளாவுக்கு 266. கழிவு மட்டும் ஒரு பங்கும் பிரியாம இங்கனயே கெடக்கு.

நான் கரண்டுக்கு எதிரி இல்ல. 2012-ல மின்வெட்டுல விடிய விடிய ஓலை விசிறியோட கெடந்தவந்தான். ஆபத்து கொஞ்சம்தான்னு நீ போடுற கணக்கு சரியாவே இருக்கலாம். நம்மளக் கேக்காம நம்ம தலையில கட்டுதாங்களேங்கிற எரிச்சலுக்கு அந்தக் கணக்குல எடமில்லயே.

சனம் கத்தவும் 500 கோடிக்கு வளர்ச்சித் திட்டம்னு அறிவிச்சாங்க. கேட்ட கேள்விக்குப் பதிலக் காணும், துட்டு மட்டும் வருது. பெண்ணு வீட்டுக்காரன் கேக்காமலே நகைய ரெட்டிப்பாக்கினா, மாப்பிள்ளையோட ஆத்தா பெண்ணோட காலத்தானய்யா உத்துப் பாப்பா?

நீ பேசப்போற கூட்டத்துல கடைசி வரிசையில இருந்து ஒரு கெழவி எந்திரிப்பா. "சார்வாள், ஒங்க வீடு எங்கன?"ன்னு கேப்பா. கூடங்குளத்துல ஆபீசருமாருக்குக் குடியிருப்பு தள்ளி செட்டிகுளத்துல. சுனாமியில வீட்ட இழந்தவங்களுக்குக் கட்டின காலனி உலைக்குப் பக்கத்துல. அவ அதெல்லாம் தெரிஞ்சுதான் கேப்பா. அந்நேரம் உனக்கு இருமல் வரும். பனங்கற்கண்டு மடிச்சு வச்சிருக்கேன், மறக்காம எடுத்துட்டுப் போ.