கிளியர் கோட் சார்

ஊட்டி பெர்ன்ஹில்லில் ஓய்வு பெற்றவர்கள் இரண்டு வகை. ரோஜாச் செடிக்குக் கவாத்து செய்பவர்கள் ஒரு வகை. இவர்களால் ஊருக்குத் தொந்தரவில்லை. இன்னொரு வகை, கார் தேய்ப்பவர்கள். நம் சார் இரண்டாம் வகை.

வண்டிக்கு டிஎன் 43 பதிவு எண். 2024 மே மாதம் ஊட்டிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபோது உள்ளூர் வண்டிக்கு அது தேவையில்லை என்றதும் சாருக்குத் தாங்கமுடியாத பெருமை. ஆனால் அந்த வண்டியைச் சேரிங்கிராஸ் தாண்டி யாரும் பார்த்ததில்லை. எப்படித் தாண்டும்? சைடு மிரர் கவர் துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்குகிறதே!

பம்பர், மிரர் கவர், கதவுப்பிடி என்று வெளிப்புறப் பிளாஸ்டிக் எல்லாவற்றிலும் கலருக்கு மேல் அடிக்கும் கிளியர் கோட் பாம்புச் சட்டை மாதிரி உரிகிறது. “குளிர் ஊர்தானே, வெயில் என்ன பண்ணும்?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அரை மணி நேரம் போச்சு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேலே ஏற ஏறப் புற ஊதாக் கதிரைத் தடுக்கக் காற்று குறைவு. நாம் ஸ்வெட்டருக்குள் நடுங்கும்போதே பெயின்ட் வெந்துகொண்டிருக்கும். ஒரு விரிசல் விட்டால் போதும், ஆடி மழையும் ஐப்பசி மழையும் அடியில் புகுந்து மிச்சத்தைத் தூக்கிவிடும். இதில் சார் சொல்வது அத்தனையும் சரி. அதுதான் கஷ்டம்.

வைத்தியமும் மனப்பாடம். தூக்கிக்கொண்டு நிற்பதைச் சுரண்டு. நானூறாம் நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி, ஓரம் விரலுக்குத் தட்டாமல் போகும்வரை தேய். வெறும் பிளாஸ்டிக் தெரிந்தால் அதற்கென்று உள்ள பிரைமர். பிறகு கலர், பிறகு ஹார்டனர் கலந்த கிளியர். “ஷாப்ல குடுத்தா ஓரத்தைத் தேய்க்காம மேலயே அடிச்சு விட்ருவான். ஆறு மாசத்துல மறுபடி உரியும்.” இவருடையது உரியாது. இன்னும் அடித்தால்தானே உரிவதற்கு!

காலை பத்துக்குப் பளீர் வெயில். மாஸ்கிங் டேப் ஒட்டி, கொரோனா காலத்துத் துணி மாஸ்க்கை மாட்டுகிறார். ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது, அதைத் துணி தடுக்காது என்று மருமகன் சொன்னதிலிருந்து மாஸ்க் இரண்டாகியிருக்கிறது. அந்த நேரம் பார்த்து வீட்டம்மா வருகிறார்.

“என்னங்க, போர்வை காயப்போடணும்.”

“கொடியில இடமில்ல. கவருக்குப் பேப்பர் போட்டிருக்கேன், ஈரம் காயணும்.”

“நாலு நாளா எனக்கும் ஈரந்தாங்க.”

கொடிப் பஞ்சாயத்து முடியும்போது மணி இரண்டு. லவ்டேல் பக்கமிருந்து மூடுபனி ஏறிவிட்டது. இந்த ஈரத்தில் அடித்தால் கிளியர் வெளுத்துப்போகும், சார் அடிக்கமாட்டார். துடைத்து, உறைபோட்டு, நாளைக்கு வெயில் வருமா என்று வானத்தைப் பார்ப்பார். வானிலை அறிக்கையைக் கேட்டல்ல, அவரைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டார் துணி ஊறவைக்கிறார்கள்.

பெர்ன்ஹில் பக்கம் போனால் காரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள், மனுஷன் குளிர்ந்துபோவார். வலதுபக்கமாக நின்று சொல்லுங்கள். இடது பக்கம் இன்னும் பேப்பரில்தான் இருக்கிறது.