மட்டக்களப்பு வாவியில் மூச்சும் இமையும்: ஒரு சிற்றாய்வு

மூச்சும் இமையும் இரட்டை ஆட்சிக்கு உட்பட்டவை. ஈரலுக்கு எவரும் கட்டளையிட்டதில்லை. இதயத்தை நினைத்த மாத்திரத்தில் நிறுத்தி வைத்தவரும் இல்லை. மூச்சையும் இமையையும் உடையவர் விரும்பினால் கையிலெடுக்கலாம்; மறந்துவிட்டால் அவை தம்பாட்டில் நடக்கும். இவ்விரட்டை ஆட்சியை ஆராய மட்டக்களப்பு வாவியைப்போல் உகந்த களம் வேறில்லை. பாடும் மீனைக் கேட்கப் போகிறவர் முதலில் தம் மூச்சை அடக்கியாக வேண்டும் என்பதே காரணம்.

முறை எளிது. நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியிற் போய், துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு, மறுமுனையைக் காதோடு சேர்த்து வைக்க வேண்டும். பாலம் 1920களில் வந்தது. பாட்டு அதற்கு முந்தியது. 1848இல் இங்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ற், ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தாற்போன்ற ஓசை என்று அதனை வருணித்தார். பாடுவது மீனன்று, ஊரி எனும் நீர்நத்தை என்று மீனவர் சொன்னதையும் அவரே பதிந்துள்ளார். பாடுவது எதுவாயினும், கேட்பவருக்கு முதல் இடையூறு பாலத்தில் போகும் மோட்டார் சைக்கிளன்று, அவருடைய மூக்கு.

மூச்சின் அன்றாட நிர்வாகம் மூளைத்தண்டிலுள்ள முகுளத்திடம் இருக்கிறது. ஓய்விலிருக்கும் பெரியவருக்கு அது நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு வரை ஓட்டுகிறது. பெருமூளை தலையிட்டு நிறுத்தலாம். ஆனால் இரத்தத்தில் கரியமிலவாயு ஏற ஏற முகுளம் விடாது நெருக்கும். பழக்கமில்லாதவர் ஒரு நிமிடம் சொச்சத்தில் சரணடைவார். அப்போது அவர் விடும் பெருமூச்சில் பாட்டு அடிபட்டுப்போகும். அடக்கியிருந்த வேளையில் கேட்டதோ பெரும்பாலும் சொந்த நாடித்துடிப்பு. வாவியின் பாட்டுகளுள் சில கேட்டவரின் காதுக்குள்ளேயே பிறந்தவை என்ற ஐயம் இங்கே எழும். அதைத் தோணிக்காரர் முன்னிலையில் சொல்வது உசிதமன்று.

முகுளம் தவறினால் நேர்வதும் அறியப்பட்டதே. விழித்திருக்கையில் நினைத்து நினைத்து மூச்சு விடுபவர், தூங்கியதும் விடாமற்போகும் நிலைக்கு 1962இல் செவரிங்ஹவுஸ், மிச்செல் ஆகிய ஆய்வாளர் இருவர் ‘ஒண்டீனின் சாபம்’ என்று பெயரிட்டனர்.

இமையின் கதை சிறிது. நிமிடத்துக்கு 15 முதல் 20 தடவை அது மூடித் திறக்கிறது. வாசிப்பவருக்கும் நீரை உற்றுப் பார்ப்பவருக்கும் குறையும். கண் காய்வதால் மட்டுமே இமைக்கிறோம் என்ற எண்ணத்தை 1927இல் பொண்டர், கென்னடி என்னும் ஆய்வாளர்கள் மறுத்தனர். ஆயினும் கச்சான் காற்று மணலை அள்ளி வீசும்போது ஆராய்ச்சிக்கு இடமில்லை. ஐந்தாம் மூளை நரம்பு முறையிட, ஏழாவது நரம்பு இமையை அடைத்துவிடும், உடையவரைக் கேட்பதில்லை.

இரட்டை ஆட்சியின் தகராறை இப்பகுதியில் தீர்த்து வைத்தவர்கள் கூத்தர்களே. வடமோடி, தென்மோடி ஆகிய இரு கூத்து வகைகளிலும் ஆடுபவரே பாடவும் வேண்டும். ஆட்டம் முகுளத்தை உசுப்புகிறது. பாட்டோ மூச்சைப் பெருமூளையின் பிடியில் வைக்கிறது. ஆகவே கூத்தை நடத்தும் அண்ணாவியாரோடு நிற்கும் பிற்பாட்டுக்காரர் அடியை வாங்கிப் பாட, அந்த இடைவெளியில் கூத்தர் மூச்சு வாங்கிக்கொள்கிறார். மூச்சுக்கு முறையாகப் பதிலாள் வைத்த கலை இது. இமைக்குப் பதிலாள் எக்கலையிலும் இல்லை.