மூன்றாம் வரிசைக் கனவான்

சித்திரை வெயில் அண்ணா சாலைத் தாரை இளக்கத் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கறுப்புக் கோட்டும் டையும் தரித்து, பெருகும் வியர்வையைச் சுவிசேஷத்தின் நிமித்தம் சகிப்பவர் போன்ற பாவனையோடு, தேனாம்பேட்டை ஆலயமொன்றின் வாசலில் ஒருவர் காரைவிட்டு இறங்குவாராயின், அவரே நம் கனவான். அவருடைய வேதாகமத்துக்கும் ஓர் அங்கி உண்டு. பொன்னெழுத்தில் அவர் நாமதேயம் பொறித்த அத்தோலுறை, திங்கள் முதல் சனி வரை கழற்றப்படுவதில்லை.

தரங்கம்பாடியில் 1919-இல் தொடங்கிய சபை ஐக்கியப் பேச்சு, இப்பேட்டையை ஒட்டிய கதீட்ரல் சாலையின் புனித ஜார்ஜ் பேராலயத்தில், 1947 செப்டம்பர் 27 அன்று, ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் மற்றச் சபையாரும் ஒரே தென்னிந்தியத் திருச்சபையாய் இணைந்ததில் நிறைவெய்தியது. அத்தியட்சர் பதவியைப் பற்றி அத்தனை ஆண்டுகள் தர்க்கித்த அப்பெரியோர், சென்னை வெயிலுக்குக் கோட்டு அவசியந்தானா என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டார்கள். நம்மவரோ அதைத் தையற்காரரிடம் ஒப்படைத்துவிட்டார்.

ஈசாயின் வீட்டில் மூத்த குமாரன் எலியாபின் தோற்றப்பொலிவைக் கண்டு, அரசனை அபிஷேகம் பண்ணப் போன சாமுவேல் தீர்க்கதரிசியே சற்று மயங்கினார். கனவான் அன்று பெத்லகேமில் கமிட்டி உறுப்பினராயிருந்திருப்பின், தாவீது மந்தையிலிருந்து வந்து சேருமுன் தைலக்கொம்பு காலியாகியிருக்கும்! கெட்டவரல்லர், பாவம், காணிக்கைப் பையில் தாராளமாகவே போடுவார், நோட்டை மட்டும் மடிக்காமல் போடுவார்.

ஒரு ஞாயிறன்று, மின்விசிறிக்கு நேர்கீழேயுள்ள மூன்றாம் வரிசையில், அதாவது கனவானின் பரம்பரைப் பாத்தியதையில், சாயம்போன சட்டையோடு புதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார்.

"பெரியவரே, பின்னால வாசல் பக்கம் போய் உக்காருங்க. அங்கதான் காத்து நல்லா வரும்" என்றார் கனவான், மிகுந்த தயாளத்தோடு.

"சரிங்கய்யா" என்று அவர் எழுந்து போனார்.

அன்றைய நிருப வாசகம் கனவானுடையது. யாக்கோபு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரம்: மோதிரமணிந்து வந்த செல்வனுக்கு நல்லிடமும், கந்தையுடுத்தி வந்த ஏழைக்கு ஓரமும் காட்டும் சபையாரை அப்போஸ்தலர் கடிந்துகொள்ளும் பகுதி. புஷ்பராகக் கல் மோதிரம் மின்னும் விரலை வரிவரியாக ஓட்டி, ஏழை என்னுமிடந்தோறும் குரலைத் தழதழக்கச் செய்து, கனவான் அதை உருக்கமாய் வாசித்தபோது முன்வரிசை மாதர் இருவர் கைக்குட்டையைத் தேடினர். சபைப் போதகரான ஐயர் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் கனவான் ஆலயப் பணியாளரான செக்ஸ்டனை அழைத்து, "தம்பி, இன்னைக்கு வாசிப்பு எப்படி?" என்றார்.

"நல்லா இருந்துச்சுங்கய்யா. மோதிரந்தான் மைக்ல தட்டிக்கிட்டே இருந்துச்சு."

கனவான் நெடுநேரம் சிந்தித்தார். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று, புதிய மைக் வாங்கத் தாமே நன்கொடை தருவதாக அறிவித்தார். அதில் தம் பெயரைப் பொறிக்கவேண்டுமென்று தாம் வற்புறுத்தவில்லை என்றும் இருமுறை சொன்னார்.